தௌவு எழுதிய இரண்டாம் பத்தி

நவம்பர் 11, செவ்வாய்

இன்றைய தவறு: மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பத்தோடு சேர வேண்டிய என் கட்டுரையை, நேற்று மதியம் ஒன்று பத்துக்கு, திறந்து பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

அந்தப் படிப்புக்குத் தயாராக நான் போகும் மாலை வகுப்பில் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியில் அன்றைய தவறை எழுத வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. பேருந்தைத் தவறவிட்டது, வேதியியல் சமன்பாட்டில் ஓர் எண்ணை விட்டது என்று பெரும்பாலும் ஏதாவது சின்னதாக இருக்கும். இதுவும் இன்று காலை பத்தேகால் வரை சின்னத் தவறாகத்தான் இருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் தலைநகர் சுவாவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில், மாதிரிகள் வாங்கும் ஜன்னலில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வார்டுகளிலிருந்து ரத்தம் எடுத்த டியூப்கள் வரும். டியூபில் ஒட்டிய பெயரும் சீட்டில் எழுதிய பெயரும் ஒன்றா, பிறந்த தேதி ஒன்றா என்று பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். ஒன்று மாறினாலும் வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு முந்நூறு டியூப் பார்க்கிறேன். நர்ஸுகளுக்கு என்னைப் பிடிக்காது. அப்படிப்பட்ட நான் என் சொந்தக் கட்டுரையைப் பார்க்காமல் அனுப்பினேன்.

பார்க்காததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் இருபத்து மூன்று முறை படித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் சீக்கிரம் மூடி வைக்கத் தோன்றியது. "உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? எழுநூறு சொற்களுக்குள் எழுதுக" என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தீவில், தன்னைத் தானே பெரிதாகப் பேசுகிறவர்களை வியாவியாலெவு என்பார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டால் கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் போகாது. ஆகவே என் கட்டுரையில் மனிதகுலம் இருந்தது, சேவை இருந்தது, சிறு வயதுக் கனவு இருந்தது. நான் மட்டும் இல்லை. சென்ற ஆண்டும் இதே மாதிரி ஒன்றைத்தான் எழுதினேன். மருத்துவமனை ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய ஆறு இடங்களுக்கு ஒன்பதாவதாக நின்றேன். அந்த இடங்களுக்கு வயது வரம்பு இருபத்தேழு. வரும் ஜனவரியோடு எனக்கு அது முடிகிறது. ஆகவே இதுதான் கடைசி முறை.

சென்ற வெள்ளியன்று எங்கள் பிரிண்டரில் மை இல்லை. கட்டுரை இருந்த பென் டிரைவை ஸ்ட்ரெச்சர் தள்ளும் சாகேயாசியிடம் கொடுத்து, அவர்கள் அறையில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். திங்கள் காலையில் பிரதியையும் டிரைவையும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். பிரதியைப் பையில் போட்டேன். டிரைவிலிருந்ததை மதியம் அனுப்பினேன். இன்று பத்தேகாலுக்கு, டீ குடிக்கிற நேரத்தில், பிரதியைக் கோப்பில் வைக்கலாம் என்று எடுத்தபோது இரண்டாவது பத்தி கண்ணில் பட்டது. அது என்னுடையது இல்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மேலே சொன்னதை நம்பாதீர்கள். நான் தீவுக்காரி. எங்கள் ஊரில் மீன் தலையைக் கடலில் வீசிவிடுவோம், ஏனென்றால் தலைக்குள்ளே மூளை என்று ஒன்று இருப்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. வேலைக்கு வந்த முதல் நாள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் மலைநாட்டைச் சேர்ந்த ஓர் அழகான ஆண், பெயர் சாகேயாசி. ஒருவன் மார்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் விழுந்தால், முதலில் பிறந்த தேதி கேட்பேன். ஒரு குழந்தையின் டியூபில் தேதி தப்பு என்று மூன்று மாடி ஏறிப் போய்ச் சண்டை போட்டவள் நான். ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தால் போதும். தீவுக்காரிக்கு அது தோன்றவில்லை. என்னை டாக்டராக்குங்கள், மலைநாட்டு மக்கள் சிரித்தே குணமாகிவிடுவார்கள்."

சாகேயாசி எனக்குத் தௌவு. எங்கள் இரண்டு ஊர்களின் ஆதித் தெய்வங்களும் உறவு என்பதால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம், திட்டலாம், தட்டிலிருப்பதை எடுத்துத் தின்னலாம். கோபப்படக் கூடாது. அவனுக்கு இது திங்கட்கிழமை விளையாட்டு. நான் பிரதியைப் படித்துவிட்டுச் செருப்போடு வருவேன் என்று காத்திருந்திருக்கிறான். டிரைவிலும் அது பதிவாகிவிட்டதை அவன் யோசிக்கவில்லை.

அவனை லிஃப்ட் வாசலில் பிடித்தேன். ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

"புலா தௌவு! படிச்சிட்டியா? செருப்பு எங்க?"

"சாகேயாசி, அதை அனுப்பிட்டேன்."

"எதை?"

"நீ எழுதினதை. பல்கலைக்கழகத்துக்கு."

சிரித்தான். "பரவால்லையே, தீவுக்காரிக்கும் பொய் சொல்ல வருது."

"நெசமா."

சிரிப்பு ஒரேயடியாக நின்றது. "படிச்சுப் பாக்காமயா அனுப்பின? நீயா? டீக்கு சக்கரை போட்டாக்கூட ஸ்பூனை எண்ணுற ஆளாச்சே நீ!"

"இருபத்து மூணு தடவை படிச்சாச்சு. அதுக்கு மேல முடியல."

"என்னைத் திட்டு. அடி. ஏதாவது செய்."

"எப்படிக் கோவப்படறது? நீ தௌவு."

"அப்ப நான் மன்னிப்பு கேக்கறேன். காணிக்கையா யங்கோனா வேரு ஒரு கட்டு வாங்கிக்கிட்டு, முறைப்படி உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்து..."

"வாயை மூடு. தௌவு தௌவுகிட்ட மன்னிப்பு கேட்டான்னு தெரிஞ்சா உங்க ஊர்ல உனக்குச் சோறு போடுவாங்களா? எங்க ஊர்ல என்னைத்தான் விடுவாங்களா? இவ கோவிச்சுக்கிட்டா, அதனாலதான் அவன் கேட்டான்னு சொல்லுவாங்க. நம்ம தாத்தன் காலத்துலேர்ந்து ஒருத்தரும் கேட்டதில்ல."

"பின்ன என்னதான் செய்யறது?"

"நாளைக்கு அங்க போன் பண்ணிக் கேக்கறேன்."

ஸ்ட்ரெச்சரில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். "என்னை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோறீங்களா, இல்ல நானே எறங்கி நடக்கட்டுமா?"

நவம்பர் 12, புதன்

இன்றைய தவறு: தொலைபேசியில் "மன்னிக்கணும்" என்று ஏழு முறை சொன்னேன். முதல் முறையே போதும்.

சேர்க்கை அலுவலகத்தில் பேசிய பெண் சொன்னது: ஒருமுறை அனுப்பிய கட்டுரையைக் கணினி வழியாக மாற்ற முடியாது. அலுவலர் திருமதி ஃபத்தியாகியை நேரில் பார்த்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் மாற்றலாம். வெள்ளிக்கிழமை நான்கு மணிதான் கடைசி.

பேசி முடித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. அரை மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: "இக்கட்டுரை முழுவதும் என் சொந்த எழுத்து." அதில் குறி போட்டிருக்கிறேன். பிறர் எழுதியது என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடி என்றும் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு பத்தியை வேறொருவர் எழுதினார் என்று நானே கடிதத்தில் சொன்னால், நானே என்னைத் தள்ளுபடி செய்துகொள்வது போலத்தான். சொல்லாமல் "கோப்பு மாறிவிட்டது" என்று மட்டும் எழுதினால் பொய் இல்லை. ஆனால் அவர்கள் படித்துவிட்டுக் கேட்பார்கள்.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் கடிதத்தில் தௌவு முறையை விளக்கியதில் ஒன்றரைப் பக்கம் போயிற்று. அடித்தேன். இரண்டாவதில் மன்னிப்பு அதிகம். மூன்றாவதில் பிரிண்டர் மையைக் குற்றம் சொல்லியிருந்தேன். நான்காவது இது: "நான் அனுப்பிய கட்டுரையின் இரண்டாம் பத்தி என் நண்பர் விளையாட்டாக எழுதியது. நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். சரியான பிரதியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்."

மாலை வகுப்பில் ஒரு சமன்பாடும் சமனாகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்றைய தவறு: சாகேயாசியை உடன் அழைத்துச் சென்றது. தவறுதானா என்று இப்போது சரியாகத் தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் காலை ஷிஃப்ட் ஒரு மணிக்கு முடிந்தது. "சாட்சிக்கு வரேன்" என்று நின்றான். கோயிலுக்குப் போவது போலத் தேய்த்த சட்டையும், பை வைத்துத் தைத்த, வேட்டி போன்ற சுலுவும் கட்டியிருந்தான். மழை. பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு ஆண்டுகளில் அவன் என்னைத் திட்டாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது இன்றுதான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

திருமதி ஃபத்தியாகி ரொட்டுமா தீவுக்காரர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசையைச் சுற்றிலும் விண்ணப்பக் கட்டுகள். என் பெயர் விலிமைனா என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"நீதான் அந்தத் தீவுக்காரியா!"

"ஆமா மேடம்."

"செவ்வாக்கிழமை காலையில படிச்சேன். டீ மூக்குல ஏறிடுச்சு. பக்கத்து ரூம்லேர்ந்து ஓடி வந்து முதுகைத் தட்டினாங்க." பிறகு என் பின்னால் பார்த்தார். "அது யாரு?"

"சாகேயாசி, மேடம்."

"ஓகோ. மலைநாட்டு அழகர்."

சாகேயாசி தரையைப் பார்த்தான். காதுகூடச் சிவக்கும் என்று அவன் விஷயத்தில் நான் நினைத்ததில்லை.

அவர் கடிதத்தைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை வேற ஆள் எழுதினாருன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கற. முழுசும் என் எழுத்துன்னு அங்க டிக் போட்டிருக்க. நான் எதை நம்பறது?"

பேருந்தில் தயாரித்து வைத்திருந்த மூன்று பதில்களும் மறந்துபோயின. "டிக் போட்டப்ப அது உண்மைன்னு நெனச்சேன் மேடம். அது தப்பு. இப்ப இந்தக் கடுதாசிதான் உண்மை."

"இதனால உன் விண்ணப்பத்தைத் தள்ளிடலாம்னு தெரியுமில்ல?"

"தெரியும். அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கு."

"அதை யாருமே படிக்க மாட்டாங்களே."

சாகேயாசி வாயைத் திறந்தான். "மேடம், அவ ஊர்ல படிக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான், அதனால எல்லாத்தையும் படிச்சிடுவா." சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

திருமதி ஃபத்தியாகி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் வெச்சு எழுதறவங்களை நான் நெறைய பாத்திருக்கேன். தன்னைத் திட்டச் சொல்லி ஆள் வெச்சவங்களை இன்னும் பாக்கல," என்றார். கடிதத்தில் ஏதோ கிறுக்கி, முத்திரை குத்தி, கையை நீட்டினார். "மாத்திக்கலாம். புதுசைக் குடு."

பையிலிருந்து பழைய, சுத்தமான பிரதியை எடுத்தேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "அந்த மூணு மாடி ஏறின விஷயம் நெசமா?"

"நெசம்தான் மேடம்."

"இந்தப் பிரதியில அது இருக்கா?"

"இல்ல."

"சரி," என்றார். அவ்வளவுதான். கை நீட்டியபடியே இருந்தது. அவர் எனக்கு ஒன்றும் அறிவுரை சொல்லவில்லை. வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஆனால் நான் பிரதியின் இரண்டாம் பத்தியைப் பார்த்தேன். "மனிதகுலத்தின் துயர் துடைப்பதே" என்று தொடங்கியது. இருபத்து நான்காவது முறையாகப் படிக்கிறேன். தாளை மறுபடி பைக்குள் வைத்தேன்.

"மேடம், நாளைக்குக் குடுக்கலாமா?"

"நாலு மணி வரைக்கும். நாலு அஞ்சுக்கு வந்தா நான் இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை நாலேகால் பஸ்ஸை நான் இதுவரைக்கும் விட்டதில்ல."

வெளியே வந்ததும் சாகேயாசி கத்தினான். "பைத்தியமா உனக்கு? கையை நீட்டினாங்க! குடுத்துட்டு வர வேண்டியதுதானே!"

கல்லூரி வாசலில் மழைமரத்தின் கீழே ஒரு பெஞ்சு, மேலே தகரக் கூரை. உட்கார்ந்தேன். நோட்டை எடுத்தேன்.

"திட்டு," என்றேன்.

"என்னது?"

"என்னைத் திட்டு. நாலு வருஷமா திட்டினதையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லு. நான் எழுதிக்கறேன்."

"சும்மா திட்டுன்னா எப்படி வரும்? நீ ஏதாவது சொன்னாத்தானே."

யோசித்தேன். எனக்குக் கேலி சரியாக வராது. "உங்க ஊர்ல ஜனத்தொகை எடுக்க வந்தவங்க, பன்னி எது ஆள் எதுன்னு தெரியாம ரெண்டையும் சேத்து எண்ணிட்டாங்களாம்."

"ஆ," என்று பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்தான். "இப்ப வருது. முதல் நாளே தடால்னு விழுந்தியே, தென்னை மரத்துலேர்ந்து மட்டை விழுந்த மாதிரி."

எழுதினேன்: வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மயங்கி விழுந்தேன். மறுநாள் சரியான நேரத்துக்கு வந்தேன்.

"இதுதானா? நான் சொன்னது நல்லா இருந்துச்சே."

"மட்டை வேண்டாம். அடுத்தது."

"அந்தப் புயல். கரண்ட் போச்சு. ஜெனரேட்டரும் மக்கர். மீன் மார்க்கெட்லேர்ந்து ஐஸ் எடுத்துட்டு வந்து ரத்தத்துக்கு வெச்ச. ஒரு வாரம் லேப் பூரா கவுச்சி. வார்டுல பூனை எல்லாம் உன் ஜன்னல்ல வந்து நின்னுச்சு."

எழுதினேன்: புயலின்போது பதினொரு மணி நேரம் மின்சாரம் இல்லை. மீன் சந்தையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து இருநூற்றுப் பதினாறு மாதிரிகளைக் கெடாமல் வைத்திருந்தேன்.

எட்டிப் பார்த்தான். "வெச்சிருந்தேனா? மூட்டையைத் தூக்கினது யாரு? என் தோள்பட்டை இன்னும் வலிக்குது!"

அவன் சொன்னது சரி. அடித்துவிட்டு, "ஓர் ஊழியரும் நானும்" என்று மாற்றினேன். இப்படியே போயிற்று. அவன் திட்டுவான். நான் அதிலிருந்து நாள், எண்ணிக்கை, நடந்தது ஆகியவற்றை மட்டும் எடுப்பேன். டியூபைச் சுழற்றினால் ரத்தம் அடியிலும் நீர் மேலேயும் பிரியுமே, அது போல. ஒவ்வொரு வாக்கியமும் நான் எழுதியதா என்று கேட்டுக்கொண்டேன். நினைவூட்டியது அவன். நடந்தது எனக்கு. வாக்கியம் என்னுடையது. அந்தக் கட்டத்தில் மறுபடியும் குறி போடலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். அவன் திட்டாக ஆரம்பித்ததால் எதையும் எழுத எனக்கு வெட்கமாக இல்லை. நானாக யோசித்திருந்தால் இதில் ஒன்றையும் சொல்லியிருக்க மாட்டேன்.

"மூணு மாடி," என்றேன்.

"அதான் எழுதியாச்சே. சீட்டு எழுதி அனுப்பாம, சண்டை போட ஏறின. உன் பின்னாலேயே நான் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தேன், லிஃப்ட் அன்னைக்கும் ரிப்பேரு. நர்ஸ் உன்கிட்ட கத்தினாங்க பாரு, கீழ மார்ச்சுவரி வரைக்கும் கேட்டிருக்கும். நீ நகரவே இல்ல. பாறையில ஒட்டின சிப்பி மாதிரி நின்ன. அப்பறம் நான் போயிட்டேன்."

அவன் போன பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்குச் சொல்லிக்கொண்டே எழுதினேன். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள். டியூபில் ஒருவனின் பிறந்த தேதி, சீட்டில் மற்றவனுடையது. ஒருவனுக்கு அன்று மாலையே ரத்தம் ஏற்ற வேண்டும். சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினால் தட்டில் கிடந்து மறுநாள் ஆகிவிடும். அதனால்தான் ஏறினேன். கடைசியில் மறுபடி எடுத்தார்கள். நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். முதல் டியூபோடு ஒப்பிட்டபோது ரத்த வகை வேறாக வந்தது.

அந்தக் குழந்தையின் அம்மா என்னைப் பார்த்து, ஏன் இரண்டாவது ஊசி என்று கேட்டாள். சொன்னேன். புரிந்துகொண்டாள். பிறகு, "என் பிள்ளைக்கு என்ன ஆச்சு? பொழைப்பானா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே சொல்கிற இடத்தில் நான் இல்லை. "டாக்டர் வருவார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மாலை வகுப்பில் பெயர் கொடுத்தது அந்த வாரம்தான்.

சாகேயாசி மடக்கியிருந்த காலைக் கீழே இறக்கினான்.

"இதை நீ சொன்னதே இல்லையே."

"நீ எங்க கேட்ட? திட்டிக்கிட்டே இருந்த."

"அதை எழுது," என்றான். "கடைசியில சொன்னதை. டாக்டர் வருவார்னு சொல்லிட்டு எறங்கினதை."

எழுதினேன். அதற்கு ஒரு சொல்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்றைய தவறு: குடையைப் பேருந்தில் விட்டுவிட்டேன்.

விடுப்பு எடுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு நூலகத்தில் தட்டச்சு செய்தேன். அறுநூற்று எண்பத்தெட்டுச் சொற்கள். அச்சிட்டபின், தாளில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை விரல் வைத்துப் படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். எதையும் அடிக்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு அலுவலகம் போனேன். திருமதி ஃபத்தியாகியின் நாற்காலி காலியாக இருந்தது. நேற்று மேசையைச் சுற்றி இருந்த கட்டுகளும் இல்லை. அலமாரி திறந்து கிடந்தது. அதிலும் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசையில் ஒரு பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊழியர் கோட்டாவா? அதெல்லாம் தேர்வுக் குழு காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்களே. தலைவர் வெளிநாடு போறாராம், முன்னாடியே வேணும்னு கேட்டாரு."

"நாலு மணி வரைக்கும்னு சொன்னாங்க."

"விண்ணப்பம் வாங்கறது நாலு மணி வரைக்கும். இருக்கறது போயிடுச்சு."

"மேடம் எங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க. உக்காருங்க."

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் என்ன யோசித்தேன் என்று எழுதப் பார்க்கிறேன். ஏழு பெரியவர்கள் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து மீன் தலையைப் பற்றிப் படிக்கிறார்கள். ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் சிரிக்கவில்லை. நேற்று நீட்டிய கையில் கொடுத்திருந்தால் மனிதகுலமாவது போயிருக்கும். என் புத்திசாலித்தனத்தால் கெட்டேன் என்று சாகேயாசியிடம் எப்படிச் சொல்வது, அவன் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டால் எப்படித் தடுப்பது என்றுகூட யோசித்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் திருமதி ஃபத்தியாகி பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, யாரு செத்தா?"

"கட்டெல்லாம் போயிடுச்சாம் மேடம்."

"போயிடுச்சு. அதுக்கு?"

"என்னோடது..."

"உன்னோடது மாத்தணும்னு நேத்து முத்திரை குத்தினது யாரு? மாத்தப் போறதை மேல அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?" மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். பிஸ்கட் பொட்டலத்துக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில் என் கோப்பு இருந்தது. "குழுவுக்கு ஒண்ணு பின்னால வரும்னு சொல்லியாச்சு. அவங்க படிக்கவே திங்கக்கிழமை ஆகும். புதுசைக் குடு."

கொடுத்தேன். உட்கார்ந்து படித்தார். ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு முதல் பக்கத்தில் தேதி முத்திரை குத்தி, பெறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு ரசீது கிழித்தார்.

"பழசைக் கிழிக்கணும், விதி. எனக்கு மனசு வரல. நீயே கிழி."

நான்காகக் கிழித்தேன். இரண்டு விநாடி ஆகியிருக்காது.

"அடிப்பாவி," என்றார் அவர். "கொஞ்சமாவது யோசிச்சிருக்கலாம். அந்தப் பிள்ளை பொழைச்சானா?"

"பொழைச்சான் மேடம். ஏழு வயசு. போன மாசம் கையை ஒடிச்சுக்கிட்டு வந்தான்."

"பேட்டிக்குக் கூப்பிட்டா அதைச் சொல்லு," என்று அடுத்த ஆளை அழைத்தார்.

பேட்டிக்குக் கூப்பிடுவார்களா என்பது டிசம்பர் முதல் வாரத்தில் தெரியும். ஆறு பேருக்குள் வருவேனா என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களின் கட்டுரைகள் நன்றாக இருக்கக்கூடும். ஆனால் என் பெயர் ஒட்டிய தாளில் இருப்பது நான்தான்.

திரும்பும்போது பேருந்தில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். மழையில் நடந்தேன். நனைவது தொந்தரவாகத் தெரியவில்லை.

சாகேயாசி மருத்துவமனை உணவறையில் ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருந்தான். ரசீதை அவன் முன்னால் வைத்தேன். பெயர், தேதி, முத்திரை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். பிறகு நான் எனக்கென்று வாங்கி வந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"அது என்னோடது."

"செவ்வாக்கிழமைலேர்ந்து எனக்கு ஒண்ணும் எறங்கல," என்று ஒன்றை முழுதாக வாயில் திணித்தான். "உருளைக்கிழங்கா? தீவுக்காரி வாங்கினா இப்படித்தான், உப்பே இல்ல." இரண்டாவதையும் எடுத்தான். நான் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் இரண்டு ஊருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

நாளை சனிக்கிழமை. ஆறரைக்கு ஷிஃப்ட். மூன்று மணிக்கு மேல் வேதியியல் ஆறாம் பயிற்சித் தாள், நான்காவது கணக்கிலிருந்து.